சூடு ஆறாத தோல்

பிடுங்கி மேஸ்திரி வந்தாலே பெரியவளுக்குப் பயம். ஆள் ஒன்றும் கெட்டவர் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை பதனிடும் பட்டறையின் வேனில் வந்து இறங்குவார். கொட்டகைக்குள் நுழைந்து, உப்புப் போட்டு அடுக்கியிருக்கும் செம்மறித் தோல்களில் ஒன்றை உருவி விரிப்பார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ரோமத்துக்குள் விட்டு ஒரே இழுப்பு. ரோமம் அசையாமல் நின்றால் தோல் வேனுக்குப் போகும். கொத்தாகக் கையோடு வந்தால் குப்பைக்குப் போகும். அந்த இழுப்புக்காக வைத்த பெயர்தான் பிடுங்கி. நேரில் யாரும் சொல்வதில்லை என்றாலும் அவருக்குத் தெரியும்.

அன்று பெரியவளின் அடுக்கில் முதல் இழுப்பிலேயே அவர் விரல்களுக்கிடையில் ஒரு வெள்ளைக் கொத்து வந்துவிட்டது. அடுத்த தோலிலும் வந்தது. அதற்கடுத்ததில் விரல் பட்டதுமே உதிர்ந்தது.

"என்னம்மா இது, காய்ச்சல்ல படுத்து எழுந்தவன் தலை மாதிரி கொட்டுது?"

"உப்பு பத்தலையோ என்னவோ..."

"உப்பெல்லாம் அள்ளித்தான் போட்டிருக்கே. இங்க பாரு." மேஸ்திரி எதிர்ச்சுவர் ஓரம் இருந்த சின்னவளின் அடுக்குக்குப் போய் ஒரு தோலை இழுத்தார். தோல்தான் எழுந்து வந்ததே தவிர ரோமம் வரவில்லை. "ஒரே கொட்டகை, ஒரே உப்பு. அந்தப் பொண்ணுக்கு நிக்குது, உனக்கு மட்டும் ஏன் கொட்டுது? போன வாரமும் இதே கதைதான்."

எழுபது தோல்களில் ஐம்பத்தைந்தைத் தள்ளிவிட்டு மேஸ்திரி கிளம்பினார். சின்னவள் தன் தோல்களை வேனில் ஏற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூட பெரியவளுக்குத் தேவலை போலிருந்திருக்கும்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. வீட்டுக்குப் பின்னாலிருந்த சிமெண்ட் தரைக் கொட்டகை இருவருக்கும் பொது. பெரியவளின் கணவர் ஆட்டிறைச்சிக் கூடத்திலிருந்து தோல்களை மூட்டையாகக் கட்டி மூன்று சக்கர வண்டியில் கொண்டுவருவார். சின்னவளின் கணவன் கறிக்கடை வைத்திருந்தான். கடையில் உரிக்கிற தோலை உடனுக்குடன் சைக்கிளில் போட்டு அனுப்பிவிடுவான். பெரியவள் பதினைந்து வருடமாக இந்த வேலையைச் செய்கிறாள். சின்னவள் வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு மாதம் ஓரமாக நின்று பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டவள். அதுவே பெரியவளுக்கு உள்ளுக்குள் உறுத்தல்.

தன் வேலையில் குறை இருக்கும் என்று பெரியவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தோலை உருளைக் கட்டையின் மேல் போட்டு, மழுங்கின கத்தியால் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் வழித்தெடுப்பாள். கழுத்து, கால் ஓரம், வால் அடி என்று சுருண்டுகொள்ளும் இடங்களையெல்லாம் விரலால் பிரித்துவிட்டுக் கல்லுப்பைத் தேய்ப்பாள். தண்ணீர் வடிவதற்குத் தோதாகச் சரிவான பலகையில் அடுக்குவாள். இரண்டாம் நாள் பழைய உப்பை உதறிவிட்டுப் புது உப்புப் போடுவாள். பழைய உப்பை மறுபடி தொடவே மாட்டாள். அது ரத்தத்தைக் குடித்த உப்பு, நல்ல தோலையும் கெடுத்துவிடும்.

அப்படியானால் யாரோ கை வைக்கிறார்கள். கொட்டகைக்குள் வருவது இரண்டே பேர். ஒருத்தி அவளே. இன்னொருத்தி?

அந்த எண்ணம் வந்த பிறகு பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவரிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "இருக்கும், யார் கண்டா" என்றார்.

நான்கு நாள் கழித்து, வெயில் ஏறிய நேரத்தில், துணி உலர்த்தப் போனவள் சத்தமில்லாமல் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். சின்னவள் பெரியவளின் அடுக்குக்கு முன்னால் குந்தியிருந்தாள். மேலே இருந்த இரண்டு தோல்களைத் தூக்கிப் பிடித்து, ஒரு தகர டப்பாவிலிருந்து எதையோ உள்ளே தூவிக்கொண்டிருந்தாள்.

"கையும் களவுமா மாட்டினியாடி!"

சின்னவள் திடுக்கிட்டு எழுந்தாள். டப்பா கீழே விழுந்து உருண்டது. "இல்லக்கா, வாடை வந்துச்சு. தொட்டுப் பார்த்தேன், நடு அடுக்கு வெதுவெதுன்னு இருந்துச்சு. அதான் என் பங்கு உப்புல கொஞ்சம்..."

"உன் உப்பா? கூட்டி அள்ளின பழைய உப்பைக் கொண்டாந்து கொட்டுறே! ரெண்டு வாரமா என் தோலெல்லாம் ஏன் கொட்டுதுன்னு இப்பல்ல தெரியுது!"

"ஐயோ, டப்பாவைப் பாருக்கா, புது உப்புதான்..."

பெரியவள் டப்பாவைப் பார்க்கவில்லை. காலால் எத்தினாள். சத்தம் கேட்டு அடுத்த வீட்டுத் தையல்காரம்மா மதில் மேல் தலையை நீட்டினாள். கொழுந்தன் சாப்பாட்டுக் கையோடு வந்து நின்றான். பெரியவளின் கணவரும் வாசல் வரை வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். ஆட்கள் கூடக் கூடப் பெரியவளின் வாய் நீண்டது. திருடி என்றாள், வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்றாள். சின்னவள் ஒவ்வொன்றுக்கும் "இல்லக்கா, இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தது பெரியவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கடைசியில் வாய்க்கு வந்ததைக் கொட்டிவிட்டாள்.

"உன் வயித்துல ஒண்ணு தங்குதா? ரெண்டு தடவை தங்காமப் போச்சே, ஏன்னு யோசிச்சியா? இந்தப் புத்தி இருக்கிறவளுக்கு எப்படித் தங்கும்!"

தையல்காரம்மாவின் தலை சட்டென்று மதிலுக்குப் பின்னால் இறங்கியது. கொழுந்தன், "அண்ணி!" என்றான். சின்னவள் அழவில்லை. குனிந்து டப்பாவை எடுத்தாள், சிந்திக்கிடந்த உப்பைக் கையால் கூட்டி அதில் போட்டாள், உள்ளே போனாள். அன்றிலிருந்து 'அக்கா' என்ற வார்த்தை அந்த வீட்டில் கேட்கவில்லை.

இனி ஒரே உப்பு வேண்டாம் என்று பெரியவள் முடிவு செய்தாள். தனக்கென்று தனி மூட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்று மறுவாரம் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். மணி பத்து இருக்கும். உப்புக்கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு கேரம் கிளப் திறந்திருந்தார்கள். அதன் வாசலில், பொட்டல் வெயிலில், கணவரின் மூன்று சக்கர வண்டி நின்றது. மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய மூட்டைகள்.

வீட்டுக்கு வர வேண்டியவர் இங்கே என்ன செய்கிறார்? தார்ப்பாயைத் தூக்கி, மூட்டை வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டாள். விட்ட கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்துக்குள் விட்டதுபோல் சூடு. கூடவே ஒரு புளித்த நாற்றம்.

கொஞ்ச நாளாகத் தினமும் மூட்டை இப்படிச் சூடாகத்தான் வீட்டுக்கு வரும். தினமும் அவர் சொல்வார்: "இப்பத்தான் உரிச்சாங்க. இன்னைக்கும் லேட்டு." அவளும் உடம்புச் சூடு என்று நம்பிக்கொண்டு கத்தியை எடுப்பாள். வெட்டின சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்துக் கட்டிய தோல் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும், அதற்குப் பிறகு மலையளவு உப்புப் போட்டாலும் ரோமம் நிற்காது. இது பதினைந்து வருடமாக அவளுக்குத் தெரிந்த விஷயம்தான்.

உள்ளே போனாள். நான்கு பேர் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கணவர் விரலைச் சுண்டத் தயாராக வைத்திருந்தார்.

"எத்தனை மணிக்கு உரிச்சாங்க?"

நிமிர்ந்தவர் முகம் செத்துப்போனது. "நீ எங்க இங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எத்தனை மணிக்கு?"

"ஆறு, ஆறரை இருக்கும். அதுக்கென்ன இப்போ? மூணு நாலு மணி நேரத்துல என்ன குடியா முழுகிப்போயிடும்?"

"ஒரு மாசமா இதான் நடக்குதா?"

அவர் நண்பர்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"அன்னைக்கு அவளை நான் அந்தப் பேச்சுப் பேசும்போது வாசல்ல சாஞ்சு நின்னு கேட்டுட்டுத்தானே இருந்தீங்க? அவ மேல தப்பில்லைன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"பொம்பளைங்க சண்டைக்குள்ள நான் எங்க வந்து நுழையறது?" என்றார் அவர்.

அவள் வெளியே போனாள். திரும்பி வரும்போது ஒரு முழுத் தோல் இரண்டு கையிலும் தொங்கியது. சதைப்பக்கம் கீழே இருக்கும்படி அதைக் கேரம் பலகையின் மேல் விரித்தாள். காய்களெல்லாம் அதற்கடியில் போய்விட்டன. பழுப்புத் தண்ணீர் பலகையின் நான்கு பக்கமும் வழிந்து, உட்கார்ந்திருந்தவர்கள் மடியில் சொட்டியது. நால்வரும் நாற்காலி சாயத் துள்ளி எழுந்தார்கள்.

"இப்ப ஆடுங்க," என்றாள்.

வண்டியை அவளே மிதித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வழியெல்லாம் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். கொட்டகையில் சின்னவள் உருளைக் கட்டையில் தோலைப் போட்டு வழித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் நடந்ததைச் சொன்னாள். கத்தி நிற்கவில்லை.

"தப்பு என் மேலதான். மன்னிச்சிடு."

"உன் மன்னிப்பை உப்புப் போட்டு அடுக்கி வை," என்றாள் சின்னவள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாலு பேர் முன்னாடி திருடின்னு சொன்னே. இங்க யாருமில்லாதப்ப வந்து காதோரமா மன்னிப்பு கேக்கறே. நல்லா இருக்கு உன் நியாயம்."

மேஸ்திரி வருகிற நாள் வரை பெரியவள் காத்திருந்தாள். அவர் வேனிலிருந்து இறங்கியதும் மதிலருகே போய்த் தையல்காரம்மாவைக் கூப்பிட்டாள். கொழுந்தனைக் கடையிலிருந்து வரச் சொல்லியிருந்தாள். கணவரையும் முன்னால் நிற்க வைத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். தோலைக் கெடுத்தது இந்த மனுஷன்தான் என்றாள். சின்னவள் தூவியது அவளுடைய பங்கு உப்பு, நல்ல உப்பு என்றாள். அதைப் பழைய உப்பு என்று தான் சொன்னது பொய், திருடி என்றதும் பொய் என்றாள்.

மேஸ்திரி சங்கடத்தோடு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். கணவர் தரையைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?" என்றாள் சின்னவள்.

"சொல்லிட்டேன்."

"திருடின்னதைத் திருப்பி எடுத்துக்கிட்டே. சரி. ரெண்டு தடவை தங்காமப் போனது என் புத்தியாலன்னு சொன்னியே, அதை எப்படித் திருப்பி எடுப்பே? டாக்டரம்மாகூடக் காரணம் தெரியலைன்னுதான் சொன்னாங்க. இப்ப படுத்தா உன் குரல்தான் கேக்குது. எடு பார்ப்போம்."

பெரியவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த உப்பை முந்தானையில் துடைத்தாள்.

"வேற வீடு பார்த்துப் போயிடலாம்," என்றான் கொழுந்தன் மெதுவாக.

"நான் ஏன் போகணும்? இதுல பாதி நம்மது. நான் இங்கதான் இருப்பேன். தினமும் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே வேலை செய்யட்டும்."

அதற்குப் பிறகு பெரியவளே விடியற்காலையில் இறைச்சிக் கூடத்துக்குப் போனாள். தோல்களை மூட்டை கட்டாமல் வண்டித் தட்டில் காற்றாட விரித்து, ஏழு மணிக்குள் வீடு சேர்த்தாள். கணவருக்கு மழுங்கின கத்தியைக் கொடுத்துக் கட்டை முன்னால் நிறுத்தினாள். முதல் வாரம் அவர் விரலை வெட்டிக்கொண்டார். அவள் துணியைத் தூக்கிப் போட்டாளே தவிர, கட்டிவிடவில்லை. மூன்றாம் வாரம் மேஸ்திரி இழுத்த இழுப்புக்கு ஒரு முடி அசையவில்லை.

"நின்னுடுச்சும்மா!" என்றார் அவர் சந்தோஷமாக.

பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள். எதிர்ச்சுவர் ஓரம் சின்னவள் தன் அடுக்குக்குப் பக்கத்தில் நின்று, இடுப்பில் கையை ஊன்றியபடி, கண்ணெடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் குனிந்து அடுத்த தோலைப் பிரித்துக் கழுத்து மடிப்பில் உப்பைத் தேய்க்கத் தொடங்கினாள்.