வலப்பக்கக் குவியல்

மேசை மேல் மலையாகக் கிடந்த துணிக்குள் அவள் இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். யாரையும் கேட்கவில்லை.

“ஏங்க, தொடாதீங்க! அது இன்னும் பிரிக்காதது,” என்று பச்சைக் கையுறை போட்ட ஒரு பெண் ஓடி வந்தாள். அறக்கட்டளையின் கிடங்கில் வந்து விழும் துணிக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு.

“காலைல உங்க வண்டியில தப்பா ஏத்திட்டேன். அப்பாவோட சட்டை. வெள்ளையில மெல்லிசா நீலக்கோடு போட்டது.”

“ஒரு சட்டைக்கா இந்த ஓட்டம்? நாளைக்கு வாங்க, பார்க்கலாம்.”

“பன்னெண்டு மணிக்கு அப்பா தவறிட்டாரு. அஞ்சு மணிக்குப் பிணவறைக்கு எடுத்துட்டுப் போக வராங்க. அதுக்கப்புறம் துணி மாத்த முடியாது.”

கையுறைக்காரி குவியலில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்று அவளும் தேட ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் அப்பாவும் மகளும் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிபோவதாக இருந்தது. முப்பது வருடச் சாமான் அங்கே நுழையாது. அப்பா தபால் அலுவலகத்தில் கடிதம் பிரித்தே ஓய்வு பெற்றவர். நேற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தன் பொருள்களை இரண்டு பக்கமும் குவியலாகப் பிரித்து வைத்தார்.

“இடப்பக்கம் போறது. வலப்பக்கம் இருக்கிறது. புரிஞ்சுதா அதிகாரியம்மா?”

வீட்டில் அவள் போடும் அதட்டலுக்கு அவர் வைத்த பேர் அது.

“இதுல புரியாம போக என்னப்பா இருக்கு?” என்று அறை வாசற்படியில் அவருக்கு எதிரே நின்றபடியே சொன்னாள்.

காலையில் வண்டி வந்தபோது, அதே வாசற்படியிலிருந்து பார்க்க எது இடப்பக்கமோ அதை என்னவென்று பாராமல் அள்ளிப் பெட்டியில் திணித்து ஏற்றிவிட்டாள். அப்பா கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் போயிடுச்சா?”

“போயிடுச்சுப்பா. வீடு இப்பதான் மூச்சு விடுது.”

“ம்,” என்றார். அப்புறம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். பதில் வரவில்லை.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் அவள் அந்தச் சட்டையைத் தேடினாள். போன வருடம் அதை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான், “என்னை இதுல அனுப்பிடும்மா,” என்றார். “சும்மா இருங்கப்பா,” என்று வாயை அடைத்தாள். தனக்கென்று அவர் அவளிடம் வேறு எதையும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

மிச்சமிருந்த குவியலில் கிழிந்த துண்டு, ஜோடி இல்லாத காலுறைகள், கம்பி முறிந்த குடை. இந்தக் குப்பையையா கட்டிக்காக்க நினைத்தார் என்று கோபம்கூட வந்தது. நேற்று அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். குப்பை அவளுடைய இடது கைப்பக்கம் இருந்தது. வலப்பக்கம் வெறும் மெத்தை.

தம்பியைப் போனில் பிடித்தாள். அவனுடைய விமானம் நாளைக்குத்தான்.

“வேற சட்டை போட்டா என்னக்கா? அவருக்கா தெரியப்போகுது?” என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளால்தான் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அடுத்த வீட்டு அக்காவை அப்பாவிடம் உட்காரவைத்துவிட்டு ஓடி வந்தாள்.

“உங்க பெட்டியைப் பிரிச்சாச்சு போலிருக்கே,” என்றாள் கையுறைக்காரி. “தொங்கவிட்டதுல பார்த்துட்டு வரேன். இங்கேயே நில்லுங்க.”

நின்ற இடத்துக்கு எதிரே குழந்தைகள் அலமாரி. அதில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு தொங்கியது. பொத்தான்களில் ஒன்று மட்டும் கறுப்பு. தைத்தது அப்பா. அவளுக்கு அப்போது ஏழு வயது. கீழ்த்தட்டில் அவளுடைய பள்ளிக்கூட டிபன் டப்பா, மூடியில் அவள் பேர் கீறியிருந்தது. அம்மா இறந்தபோதே இதெல்லாம் போயிற்று என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள்.

பெட்டியை மூடாமலேதான் ஏற்றியிருந்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே வண்டி. மஞ்சள் நிறம் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. பட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, ஏன்? மகள் செய்ததைத் தப்பென்று சொல்ல மனசு வரவில்லையா? இனிமேல் எதற்கு என்று விட்டுவிட்டாரா? அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று கேட்க இனி ஆள் இல்லை. அவ்வளவு பேர் நடமாடிய இடத்தில் அவள் அநாதையாக நின்றாள்.

“இதுதானே?” கையுறைக்காரி சட்டையோடு வந்தாள். காலர் பொத்தான் துளையில் நைலான் இழை கோத்து அட்டை மாட்டியாகிவிட்டது. “உள்ள வந்ததைத் திருப்பித் தரக்கூடாதுங்கிறது இங்க சட்டம். ஆனா தேவைப்படுறவங்களுக்குத் தரலாம். அதுக்குத்தானே நாங்க இருக்கோம். உங்களுக்குத் தேவைன்னு எழுதிக்கவா?”

“எழுதிக்குங்க.”

“வேற ஏதாவது உங்களுது இருக்கா?”

மழைக்கோட்டைப் பார்த்துக்கொண்டே, “இல்லைங்க,” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மணி நாலேகால்.

ஐந்துக்குச் சரியாக இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். வயதானவர் பதமாகக் கைகளை நுழைத்துச் சட்டையைப் போட்டுவிட்டார். அப்பா மெலிந்திருந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. மார்பின் மேல் அட்டை கிடந்தது: ‘ஆண். பெரிய அளவு.’

“கத்தரிக்கோல் இருக்காம்மா? இதை எடுத்துடலாம்.”

சமையலறை இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். அதிலிருந்ததையும் அவள்தான் காலையில் அனுப்பியிருந்தாள்.

“வண்டியில இருக்கும், கொண்டுவரச் சொல்றேன்.”

“வேண்டாம்ங்க.”

அவள் குனிந்து, காலரை விலக்கி, இழையைப் பல்லில் கடித்தாள். சவரம் செய்யாத மோவாய் கன்னத்தில் குத்தியது. இழை உடனே அறுந்துவிட்டது. அவள் நிமிரவில்லை.

பெரியவர் இளையவரைக் கண்ணால் கூப்பிட்டார். இருவரும் ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள்.