நாலாவதா வாசிச்சது யாரு

அருளு, இத பேசிப் பேசிதான் டைப் பண்றேன். சேதராப்பட்டு கம்பெனி வாசல்ல பஸ்ஸுக்கு நிக்கிறேன், லாரி சத்தத்துல எங்கனா தப்பா வுழுந்திருந்தா நீயே சரியா படிச்சுக்கோ. அம்மாவுக்கு படிச்சுக் காட்றதுக்கு முன்னாடி நீ ஒரு வாட்டி தனியா படி. வீராம்பட்டினம் திருவிழாவுக்கு செஞ்சியிலேர்ந்து பதினோரு பேரு வர்றோம்னு நேத்து அம்மா சொன்னாங்க. எம்புள்ள மணிவண்ணன் மேடையில தனியா கிட்டாரு வாசிக்கப் போறான்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க. அந்த தனியா வாசிக்கிற விஷயந்தான். அது நான் இல்ல.

ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன், இல்லன்னா நீ என்ன மட்டும் திட்டுவ.

எங்க குரூப்ப நடத்துற கலைவேந்தன் அண்ணன உனக்குத் தெரியும், கீபோர்டு வாசிக்கிறவரு. பாடுறது விஜயராணி அக்கா. கிட்டாருக்கு நானும் பிரிட்டோவும். அவன் வில்லியனூர்ல குட்டியானை லோடு வண்டி ஓட்றான். கச்சேரி நடுவுல ஒரு பெரிய பாட்டுல கிட்டாரு மட்டும் ரெண்டு நிமிஷம் தனியா போவும். அதுக்கு வா பெடலு வேணும். கால்ல மிதிக்கிற பொட்டி அது, மேல கீழ ஆட்டுனா கிட்டாரு சத்தம் வாய தொறந்து மூடுற மாதிரி வா வான்னு வரும். என்கிட்ட பழசு ஒன்னு இருக்கு, கறுப்பு, பெயிண்டெல்லாம் உரிஞ்சி, கையில தூக்குனா கல்லு மாதிரி கனம். அத நான் துணி சுத்தி பெட்டியிலதான் வச்சிருப்பேன்.

பிரிட்டோவுக்கு அவன் சித்தப்பா பிரான்ஸுலேர்ந்து புதுசு ஒன்னு கொண்டாந்து குடுத்தாரு. பளபளன்னு வெள்ளிக் கலரு. கொண்டாந்த அன்னிக்கு விஜயராணி அக்கா அதுல மொகம் பாத்து பொட்டு சரி பண்ணாங்க. அன்னியிலேர்ந்து எனக்கு வயிறு எரியுது அருளு, பொய் சொல்ல மாட்டேன். அவன் செருப்ப கழட்டிட்டு வெறுங்கால்ல அத மிதிக்கிறதப் பாத்தாகூட எரியும்.

அந்த ரெண்டு நிமிஷம் யாரு வாசிக்கிறதுன்னு எங்களுக்குள்ள வாய்த்தகராறு. கலை அண்ணனுக்கு யாரையும் மனசு நோகடிக்கப் புடிக்காது. அதனால ஒரு தீர்ப்பு சொன்னாரு. எந்த பெடலு நல்லாருக்கோ அத வச்சுக்குவோம், அந்த பெடலுக்காரன் வாசிக்கட்டும், ஆளுங்கள நான் தரம் பிரிக்க மாட்டேன்னாரு.

எனக்கு பயம். வெள்ளியப் பாத்தா எவன் கறுப்ப கேப்பான்? நாந்தான் யோசன சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் அந்தாண்ட திரும்பிக் குந்துங்க, நாங்க ரெண்டு பேரும் ரெண்டு பெடல்லயும் ஒரே பிட்ட வாசிக்கிறோம், மொத்தம் நாலு, எது நல்லாருக்குன்னு நம்பரு மட்டும் சொல்லுங்கன்னேன். சூப்பர்டான்னாரு.

ஞாயித்துக்கெழம மதியம். கலை அண்ணனோட மோட்டார் கொட்டாயிலதான் எப்பவும் பிராக்டிஸ். அவரும் அக்காவும் கரும்புக் கொல்லையப் பாத்து திரும்பி குந்திக்கினாங்க. மொதல்ல பிரிட்டோ அவன் பெடல்ல வாசிச்சான். ரெண்டாவது நான் அவன் பெடல்ல. மூணாவது நான் என் பெடல்ல. அதுல உசுர குடுத்து வாசிச்சேன். நாலாவது பிரிட்டோ, என் பெடல்ல.

அந்த நாலாவது எப்டி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. என் பெடலு அருளு, மூணு வருஷமா என் கையில கெடக்கறது, அப்டி பேசும்னு எனக்கே தெரியாது. பசிக்குதுன்னு கொழந்த மெதுவா ஆரம்பிச்சு அழுவுமே, அப்டி இழுத்துக்கினு போச்சு.

அக்கா திரும்பாமயே நாலுன்னாங்க. கலை அண்ணனும் நாலுன்னாரு. அதோட அக்கா வுடல. அந்த மூணாவதுதான் இரும்பு கதவ ஓங்கி சாத்துன மாதிரி இருந்துச்சு, அந்த பெடல மொதல்ல ஓரங்கட்டுங்கன்னாங்க. அண்ணன் திரும்பி, "நாலாவது யாரு பெடலு?"ன்னு கேட்டாரு.

"என்னுதுண்ணா."

"அப்ப நீ வாசி."

நான் பொய் சொல்லல பாத்தியா. அவரு பெடலத்தான் கேட்டாரு, வாசிச்சதும் நாந்தான்னு அவரா நெனச்சுக்கினாரு. பிரிட்டோ என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தான். நான் வெளிய வந்து அம்மாவுக்கு போன் போட்டு, நாந்தான் தனியா வாசிக்கிறேன், எல்லாரையும் கூட்டிக்கினு வாங்கன்னுட்டேன்.

அடுத்த ஞாயிறு பிராக்டிஸ். நான் வாசிச்சேன். கலை அண்ணன் கைய தூக்கி நிறுத்தி, அன்னிக்கு வாசிச்சியே அத வாசிடான்னாரு. திரும்ப வாசிச்சேன். அது இல்ல, அன்னிக்கு வாசிச்சதுன்னாரு. மூணாவது வாட்டி அக்கா, "இன்னா தம்பி, காய்ச்சலா?"ன்னு கேட்டாங்க. அவங்க நல்ல மனசோடதான் கேட்டாங்க. எனக்கு காதெல்லாம் சூடாயிடுச்சி. பிரிட்டோ மோட்டார் பைப்பு மேல குந்தி கிட்டாரு கம்பி முறுக்கிக்கினு இருந்தான், நிமிந்தே பாக்கல.

மறுநாள் ஷிப்டுலதான் புரிஞ்சிது. தகடு அடிக்கிற என் பிரஸ் மிஷினுக்கு கால் சுவிட்சு இருக்குன்னு சொல்லியிருக்கேன்ல. மிதிச்சா முழுசா மிதிக்கணும், டமார்னு எறங்கும், கால எடுக்கணும். மெதுவா மிதிக்கிறதுன்னு ஒன்னு அதுல கெடையாது. ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் வாட்டி. இந்த ஒன்ற வருஷத்துல என் காலுக்கு அது ஒன்னுதான் தெரியும். பிரிட்டோ காலு நாளெல்லாம் ஆக்ஸிலேட்டர் மேல இருக்கு, கோழி முட்ட லோடு ஏத்திக்கினு வேகத்தடையில ஏத்தி எறக்குற காலு. இத நான் சாக்கா சொல்றேனோ இன்னாவோ. மிஷினுக்கு வர்றதுக்கு முன்னாடியும் நான் கதவு சாத்துன மாதிரிதான் வாசிச்சிருப்பேனோன்னும் தோணுது. அத நெனச்சாதான் பயமா இருக்கு.

சாயந்திரம் மாதா கோயில் பக்கத்து வண்டி ஸ்டாண்டுல போயி அவன புடிச்சேன். ஏன்டா அன்னிக்கே அண்ணன்கிட்ட சொல்லல, நீதான் வாசிச்சன்னு.

"சொல்லலாம்னு வெளிய வந்தேன். நீ உங்கம்மாகிட்ட போன்ல பேசிக்கினு இருந்த."

"அதனால?"

"அதனால ஒன்னுமில்ல. அம்மா வர்றாங்க, வாசி மச்சான்."

நாலு கெட்ட வார்த்த திட்டியிருந்தான்னா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். வாசிக்கிறதுலதான் அவன் ஒசத்தின்னா, நல்லவனா இருக்கறதுலயும் அவனேவா? அந்த நிமிஷம் அவன புடிச்ச மாதிரியும் இருந்துச்சு, அவன் குட்டியானைய ஒதைக்கணும் போலயும் இருந்துச்சு.

நேத்து பிராக்டிஸ்ல கலை அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். நாலாவது அவன், மூணாவது நானுன்னு. அவரு, சரி, பிரிட்டோ வாசிக்கட்டும், நீ பக்கத்துல நின்னு ரிதம் குடுன்னாரு. அவ்ளோதான். திட்டல. அக்கா மட்டும் மூணாவதப் பத்தி நான் சொன்னத மனசுல வச்சுக்காத தம்பின்னாங்க. எப்டி வச்சுக்காம இருக்கறது.

பெடல பத்தி யாரும் கேக்கல. பிரிட்டோ அவன் வெள்ளிப் பெடல எடுத்து மாட்டி வாசிச்சான். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த கொழந்த அழுவுற சத்தம் வரல. என்னுத பையில போட்டு மடியில வச்சுக்கினு குந்தியிருந்தேன். தரக்கூடாதுன்னுதான் இருந்தேன் அருளு, சத்தியமா. அவனுக்கு பிரான்ஸுலேர்ந்து சித்தப்பா இருக்காரு, காலு இருக்கு, எல்லாம் இருக்கு, இதையாவது நான் வச்சுக்குவேன்னு. ஆனா அந்த சத்தத்த இன்னொரு வாட்டி கேக்கணும்னு இருந்துச்சு. நான் மிதிச்சா வராது. அவன் மிதிக்கலன்னா அது பெட்டிக்குள்ளயே கெடக்கும்.

துணிய பிரிச்சு அவன் கால்கிட்ட வச்சேன். வெள்ளிய கழட்டு, இத மாட்டுன்னேன். அவன் செருப்ப கழட்டுனான்.

அதனால அம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லு. பதினோரு பேரும் வாங்க, வர்றத நிறுத்தாதீங்க. மேடையில எடது பக்கம் நிக்கிறது நான். நடுவுல வெறுங்கால்ல நிக்கிறவன் பிரிட்டோ. அவன் கால்ல இருக்கற கறுப்பு பெடலு என்னுதுன்னு பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.

அவன் வாசிச்சு முடிச்சா கை தட்டுங்க. ரொம்ப நேரம் தட்டாதீங்க. பஸ் வந்துட்டுது.