ஏழாம் மாதத்துக் கம்பளி

அங்கே குளிர்காலத்தின் உச்சமான ஜூலை மாதத்தில் அந்த மலைச் சுகாதார நிலையத்தில் எல்லோருமே அடுக்கடுக்காகத்தான் உடுத்தினார்கள். அதனால் நியெவெஸ் உவாராச்சி உடுத்தியதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதலில் உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி உள்சட்டை. அதன்மேல் நர்ஸ் உதவியாளருக்கான நீலச் சீருடை. வேண்டுமென்றே இரண்டு அளவு பெரியதாகக் கேட்டு வாங்கியது. அப்புறம் அல்பாக்கா என்ற மலை விலங்கின் ரோமத்தில் பின்னிய ஸ்வெட்டர், அதற்கும் மேல் கணவனின் பழைய ஸ்வெட்டர், கடைசியாகத் தொடைவரை தொங்கும் தடித்த ஜாக்கெட். எல்லாம் போட்டு முடித்துக் கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பார்ப்பாள். குளிருக்குப் பயந்த ஒருத்திதான் தெரிவாள். ஏழு மாதக் கர்ப்பிணி தெரியமாட்டாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு சீராகும்.

அவளுடையது மூன்று மாத ஒப்பந்த வேலை. ஒவ்வொரு தடவையும் புதுப்பித்தால்தான் உண்டு. போன வருஷம் பக்கத்துப் பள்ளத்தாக்கு நிலையத்தில் இருந்த மாருஹா வயிறு தெரிய ஆரம்பித்த மாதமே வீட்டுக்குப் போனாள். காரணம் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த நியெவெஸின் கணவனும் தொலைபேசியில் அதையேதான் சொன்னான்: ஜூலை தாண்டட்டும், அதுவரை மூடிக்கொண்டு இரு.

மூடிக்கொண்டு இருப்பது வெளியே சுலபம். உள்ளேதான் கஷ்டம். அந்த வாரம் மேலதிகாரியான டாக்டர் ஒஃபேலியா பர்ரேதா அரெகிபா நகரத்திலிருந்து வந்து தங்கியிருந்தார். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று அவர் எழுதித் தரும் மாதம் அது. அவருக்காக ஊசி போடும் அறையில் நாள் முழுக்க கேஸ் அடுப்பு எரிந்தது. மற்றவர்கள் ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். நியெவெஸ் கழற்றவில்லை. கழுத்தில் வேர்வை வழிந்தது. காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள், முதுகில் குளிர் ஏறுகிறது என்று மறுநாள் சொன்னாள். டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்துவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தார். அந்தப் பார்வை அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

வேர்வையில் நனைந்த உள்சட்டையோடு முற்றத்தைக் கடக்கும்போது காற்று கத்தியாய் உள்ளே இறங்கும். உடம்பு வெடவெடவென்று நடுங்கும். உள்ளே இருக்கிற பிள்ளைக்கும் இப்படித்தான் குளிருமோ என்று வயிற்றில் கை வைத்து, அது அசையும்வரை கழிவறைக்குள்ளேயே நிற்பாள்.

ஆம்புலன்ஸ் ஓட்டும் எர்மேயின் வாய் வேறு சும்மா இருக்காது. வியாழக்கிழமை காலை தடுப்பூசிப் பெட்டியோடு அவள் வண்டியில் ஏறத் திணறியபோது, "வர வர உருளைக்கிழங்கு மூட்ட மாதிரி ஆயிட்ட நியெவெஸ். உன்ன ஏத்த நான் ஒரு கூலியாளப் பிடிக்கணும் போலருக்கு" என்றார். அவள் சிரித்து வைத்தாள். பின்னால் ஏறிய டாக்டர் சிரிக்கவில்லை.

கணவாய்க்கு இந்தப் பக்கம், பனி மூடிய மேய்ச்சல் வெளியில் ஓர் ஆள் தொப்பியை ஆட்டிக்கொண்டு நடுவழியில் நின்றான். கசிமீரோ என்ற அல்பாக்கா மேய்ப்பன். மனைவிக்கு விடியும்போதே பிரசவம் ஆகிவிட்டது, நாள் கணக்கு இன்னும் முடியவில்லை, பிள்ளை அழவே இல்லை என்றான். ஏதாவது வண்டி வருமா என்று அப்போதிலிருந்து சாலையிலேயே நின்றிருக்கிறான். உதடு நீலம் பாரித்து, பேச்சு குழறியது.

குடிசைக்குள் அடுப்பு அணைந்து கிடந்தது. ஈரச் சாணம் புகைந்ததே தவிரப் பற்றவில்லை. பசிலியா என்ற அந்தப் பெண் ஆட்டுத்தோல்மேல் சுருண்டு கிடந்தாள். அடியில் இரத்தம் நிற்காமல் ஊறிக்கொண்டிருந்தது. டாக்டர் மண்டியிட்டு ஒரு கையால் அவள் அடிவயிற்றை அழுத்திப் பிசைந்தபடி மறுகையால் ஊசி மருந்தைத் துழாவினார். நியெவெஸ் போர்வைச் சுருளை விரித்தாள். உள்ளே ஒரு பெண் குழந்தை, கையளவுதான் இருந்தது. மூச்சு இருந்தது. ஆனால் தொட்டால் ஆற்றுக் கல்லைத் தொட்டதுபோல் சில்லிட்டது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

"ஜாக்கெட்டத் திறந்து உள்ள போடு. நெஞ்சுத் தோலோட தோலா ஒட்டணும்" என்றார் டாக்டர் திரும்பாமலே.

நியெவெஸின் கை ஜிப்பில் நின்றது. தாயின் உடம்பே நடுங்கிக்கொண்டிருந்தது. கசிமீரோவின் கை பனிக்கட்டியாய் இருந்ததை அவள் தொட்டுப் பார்த்திருந்தாள். எர்மேயைக் கூப்பிடலாமா? அவர் சாலையில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அங்கே கொண்டு ஓடலாமா? அதற்குள் இந்த மூச்சு நின்றுவிட்டால்? இவ்வளவையும் அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்துக்காகத்தான் பிற்பாடு அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

"என்ன நிக்கிற? இங்க சூடா இருக்கிற உடம்பு உன்னோடது மட்டுந்தான்."

நியெவெஸ் ஜாக்கெட்டைத் திறந்தாள். இரண்டு ஸ்வெட்டரையும் தலைவழியாக உருவினாள். சீருடைப் பொத்தான்களை அவிழ்த்து, உள்சட்டையைக் கழுத்துவரை தூக்கி, குழந்தையின் ஈரத்தைத் துடைத்து நெஞ்சோடு வைத்தாள். அந்தக் குளிர் பட்டதும் அவளுக்கே மூச்சு அடைத்தது. அப்போதுதான் டாக்டர் திரும்பிப் பார்த்தார். கண் வயிற்றில் ஒரு கணம் நின்றது. பிறகு தன் சால்வையை உருவி எறிந்தார்.

"குழந்தையோட சேத்து இறுக்கிக் கட்டு. தலைய மூடு, மூக்க விட்டுரு."

இறங்கும் வழி நெடுக வண்டி குலுங்கியது. பசிலியா படுக்கையில், டாக்டரின் கை அவள் வயிற்றை விட்டு அகலவில்லை. இரத்தம் மெல்லக் குறைந்தது. கசிமீரோ எர்மேக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஸ்வெட்டர்களையும் ஜாக்கெட்டையும் மேலே போர்த்துக்கொண்டு நியெவெஸ் குனிந்து கேட்டுக்கொண்டே வந்தாள். மூச்சு வரும், நிற்கும். அவளும் நிறுத்துவாள். மறுபடி வரும். கீழே அவளுடைய பிள்ளை உதைத்தது. மேலே இருந்தது அசையவில்லை.

டாக்டர் தாழ்ந்த குரலில் கேட்டார். "எத்தன மாசம்?"

"ஏழு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா மாருஹாவுக்கு ஆனதுதான எனக்கும் ஆகும், டாக்டர்."

வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறியது. டாக்டர் பசிலியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "மாருஹா பேப்பர்ல கையெழுத்துப் போட்டது நான்தான். மேலேருந்து வந்துச்சு, படிக்காமலே போட்டேன்." பிறகு, "உனக்கு நான் சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். இந்தத் தடவ ஏன்னு கேக்காம கையெழுத்துப் போட மாட்டேன். அவ்ளோதான் என்னால முடியும்" என்றார்.

நியெவெஸ் சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். ஊர் வீடுகள் தெரிய ஆரம்பித்த இடத்தில் அவள் நெஞ்சில் ஏதோ பூனைபோல் முனகியது. பிறகு இன்னும் கொஞ்சம் பலமாக, கோபமாக அழுதது. எர்மே திரும்பிப் பார்க்கப்போய் வண்டியை ஓரத்துக் கல்லில் உரசினார். கசிமீரோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நியெவெஸின் ஒப்பந்தம் ஜூலையோடு முடிந்தது. புதுத் தாள் வரவில்லை. ஆகஸ்டில் கையில் தாள் இல்லாமலே வேலைக்குப் போனாள். ஒவ்வொரு நாளும் எர்மேயின் வண்டிச் சத்தம் கேட்டால் தபால் கொண்டுவருகிறாரா, தன்னை வீட்டுக்கு அனுப்ப வருகிறாரா என்று வாசலுக்குப் போய்ப் பார்ப்பாள். டாக்டர் இரண்டு முறை நகரத்துக்குப் போய்ச் சண்டை போட்டார் என்று கேள்விப்பட்டாள். மாதக் கடைசியில் தாள் வந்தது. இன்னும் மூன்று மாதம். அதற்கு மேல் என்ன ஆகும் என்று அதில் எதுவும் இல்லை.

அன்று அடுப்பு எரிந்த அறைக்குள் நுழைந்ததும் அவள் ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகு இரண்டு ஸ்வெட்டர்களையும் கழற்றினாள். தடுப்பூசிக்கு வந்திருந்த பெண்கள் அவள் வயிற்றையே பார்த்தார்கள்.