இஞ்சு டேப் கை மாறும்வரை

"நாளைக்கு அந்தத் தீர்மானம் வரலைன்னா லக்னோக்காரங்க ஒரு பக்கம், திருப்பூர்க்காரங்க ஒரு பக்கம்னு..."

"வரட்டும்க்கா. வரக் கூடாதுன்னா சொன்னேன்? என் கையெழுத்தோட வரக் கூடாதுன்னுதான்..."

"பொதுச் செயலாளர் கையெழுத்து இல்லாம தீர்மானம் எப்படி வரும்? வெளையாடுறியா?"

"நீங்கதான் வெளையாடுறீங்க. ரெண்டு தடவைக்கு மேல ஒருத்தரே தலைவரா இருக்கக் கூடாதுன்னு சட்டம் எழுதினது யாரு, நானா?"

"எழுதின கைக்கு அழிக்கத் தெரியாதா?"

கேட்டுவிட்டு அஜீசா சிரித்தாள். இந்தச் சிரிப்பைப் பார்த்தால் எந்த மாநிலத்துப் பிரதிநிதியும் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்வார். ரத்தினபாய் நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் இன்னும் நன்றாக உட்கார்ந்தாள்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில், கீழே ஷாகுலின் துணிக்கடை. மேலே இருந்த ஒற்றை அறைதான் அகில இந்திய வீட்டுத் தையல் பெண்கள் கூட்டமைப்பின் தலைமை அலுவலகம். கம்பெனிக்குள் கால் வைக்காமல், வீட்டில் உட்கார்ந்தபடியே சட்டைக்குக் காஜா எடுத்து, பொத்தான் வைத்து, கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற பெண்களுக்கு ஒரு சங்கம் இருக்க முடியும் என்று யாரும் நம்பாத காலத்தில் தொடங்கியது. இன்று பல மாநிலங்களில் கிளை இருக்கிறது. ஷாகுலின் மனைவி அஜீசாதான் அதன் தேசியத் தலைவர். விடிந்தால் தாம்பரம் கல்யாண மண்டபத்தில் மாநாடு. சட்டத்தை மாற்றி அஜீசாவை மூன்றாம் முறையும் தலைவராக்க எல்லா மாநிலமும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஊரப்பாக்கத்தில் ஜாக்கெட் தைக்கிற, பொதுச் செயலாளரான ரத்தினபாய் ஒருத்திதான் பாக்கி.

ஷாகுல் டீயோடு மேலே வந்தார்.

"கீழ ஒரு அம்மா லைனிங் துணி எடுக்க வந்துச்சு. உங்க சண்டையைக் கேட்டுகினு நிக்குது, துணியத் தொடவே மாட்டேங்குது. யாபாரம் பேஜாராயிடும் போலக் கீது."

"தங்கச்சிகிட்ட சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுட்டா சத்தம் நின்னுடும்."

"நானா? உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் டீ மட்டும்தான் வெப்பேன் தாயீ."

ரத்தினபாய் டீயைத் தொடவில்லை. கழுத்தில் மாலை போலத் தொங்கிய இஞ்சு டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் டேப். அடிக்கடி பிடிக்கிற முனையில் எண்களெல்லாம் தேய்ந்து போயிருந்தன.

"சரிக்கா. முறைப்படியே வெச்சுக்குவோம். என் பக்கத்தை நீங்க சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டீங்கன்னா டேப்பைக் கழட்டித் தர்றேன். கையெழுத்தும் போடுறேன்."

"நான் கொண்டாந்த முறைய எங்கிட்டயேவா?"

"வேற யார்கிட்ட காட்டச் சொல்றீங்க?"

அந்த முறை பிறந்தது போபாலில், முதல் அகில இந்தியக் கூட்டத்தில். லக்னோவிலிருந்து வந்த துணியில் பூவேலை செய்கிற பெண் ஒருத்திக்கும் அஜீசாவுக்கும் காலையில் தொடங்கிய சண்டை மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஓயவில்லை. நடுவில் மொழிபெயர்க்க வந்தவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார். அஜீசாவுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஆளனுப்பி அவரைக் கூட்டிவரச் சொல்லி, "நான் என்ன சொன்னேன்னு அந்தம்மாவையே சொல்லச் சொல்லுங்க" என்றாள். "எங்க வேலையைப் பிடுங்கி மெட்ராஸுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறாய்" என்றாள் லக்னோக்காரி. அஜீசா சொன்னதோ, இரண்டு ஊருக்கும் ஒரே கூலி வேண்டும் என்பது. அஜீசா தன் கழுத்திலிருந்த டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "சரியாச் சொல்ற வரைக்கும் இதைத் தர மாட்டேன்" என்றாள். பொழுது சாய்வதற்குள் டேப் கை மாறியது.

அன்றிலிருந்து அதுதான் கூட்டமைப்பின் சட்டம். எதிராளியின் பக்கத்தை 'நான்' என்று அவள் வாயாகவே நின்று சொல்ல வேண்டும். அவள் திருப்தியாகி டேப்பைக் கழற்றித் தந்தால்தான் உன் பக்கத்தைப் பேசலாம். திருப்பூரில் ஒரு கம்பெனி முதலாளியைக்கூட இப்படி நிற்கவைத்தார்கள். "நான் இடுப்புல பிள்ளையும் தலையில மூட்டையுமா கேட்டுக்கு வெளிய வெயில்ல நிக்கறேன்" என்று தன் வாயால் சொன்ன மனுஷன், அடுத்த வாரமே கேட் ஓரம் கொட்டகை போட்டுத் தந்தார். பொத்தேரியில் மாமியார் மருமகள் சண்டைக்கும் இப்போது டேப் எடுக்கிறார்களாம்.

அஜீசா டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் ரத்தினபாய் பேசறேன். எனக்கு அந்த நாற்காலி மேல ஒரு கண்ணு."

ஷாகுல் புரையேறி இருமினார். ரத்தினபாயின் கை டேப்பை விடவில்லை.

"நான் ரத்தினபாய். சட்டம்னா சட்டம்தான். தலைவருக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணுன்னு இருக்கக் கூடாது."

"அதுவும் இருக்குக்கா. ஆனா அதுக்காக உங்ககிட்ட வந்து மல்லுக்கட்ட மாட்டேன்."

"அப்ப எதுக்குத்தான்டி?"

"அதை நான் சொல்லிட்டா எப்படி? நீங்கல்ல சொல்லணும்."

அஜீசாவுக்குச் சுருக்கென்றது. எதிராளி வாயைத் திறக்க வைத்தே பழகியவள் அவள். யோசித்துப் பார்த்தால், தானே இப்படி நின்று எத்தனையோ காலமாகிவிட்டது.

"கடைசியா யார் பக்கத்தை நான் சொன்னேன், ஏங்க?"

ஷாகுல் மோவாயைச் சொறிந்தார். "நீ எங்க சொன்ன? நீ மைக்கைப் புடிக்கறதுக்குள்ள டேப்பு உன் மேசைக்கு வந்துடுதே. போன மாசம் பல்லாவரத்துல பாத்தேன். பூமாலை போடறாப்ல வரிசையில வந்து வெச்சுட்டுப் போச்சுங்க."

பல்லாவரம் மட்டுமா? போன வருடம் ஹைதராபாத்தில் குண்டூர்க் கிளைப் பெண் ஒருத்தி மேடைக்கு வந்தாள். என்னவோ சொல்ல வந்தவள்தான். அஜீசா சிரித்தாள். அந்தப் பெண் பேசாமல் டேப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்கிப்போனாள். எவ்வளவு மரியாதை என்று அஜீசாவுக்கு அன்று மனம் குளிர்ந்தது. பிறகு குண்டூர்க் கிளையே இல்லாமல் போயிற்று. சண்டையில்லை, ஒரு வார்த்தை இல்லை. ஏன் போனார்கள் என்று ரத்தினபாயிடமே பலமுறை கேட்டிருக்கிறாள். அவளும் ஒவ்வொரு முறையும் "அவங்களையே கேளுங்கக்கா" என்றுதான் சொன்னாள். அஜீசா கேட்கப் போகவில்லை.

அஜீசா எழுந்தாள். உட்கார்ந்தபடி சொல்கிற விஷயமாக அது படவில்லை.

"நான் ரத்தினபாய். எனக்கு அஜீசாக்கா மேல கோவம் இல்ல. அவங்களால ஆகாத காரியமும் இல்ல. அவங்க மறுபடியும் நின்னா ஜெயிப்பாங்க. அதான் எனக்கு பயம். அவங்க மேடையில இருக்கற வரைக்கும் டேப்பு சும்மா சும்மா கை மாறும். யாரும் யார் பக்கத்தையும் சொல்லிப் பார்க்க மாட்டாங்க. குண்டூர்க்காரி மாதிரி ஒவ்வொருத்தியா கும்பிடு போட்டுட்டுப் போயிடுவா. கடைசியில அக்கா இருப்பாங்க. அக்கா கொண்டாந்தது இருக்காது."

ரத்தினபாய் டேப்பைக் கழற்றினாள். சுருட்டவில்லை, மடிக்கவில்லை. அப்படியே நீளமாக அஜீசாவின் உள்ளங்கையில் வைத்தாள். அதே கையோடு மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் தீர்மானத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எங்கக்கா போடணும்? கடைசியிலயா?"

"போட்டுடுவியா?"

"வாக்குக் குடுத்துட்டேனே. சரியாச் சொல்லிட்டீங்க."

அஜீசா அந்தத் தாளை அவள் பேனா முனைக்குக் கீழிருந்து உருவினாள். நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினாள். மேசை அசையாமல் நின்றது.

"நாளைக்குத் தலைவர் பதவிக்கு உன் பேரை நான் சொல்லப் போறேன்."

"நான் கேக்கவே இல்லியே."

"கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"லக்னோ? திருப்பூர்?"

"போபால்ல நான் மட்டும் என்னத்தத் தெரிஞ்சு வெச்சிருந்தேன்? பார்த்துக்குவ."

"அப்ப நீ இன்னா பண்ணப் போற தலைவரே?" என்றார் ஷாகுல். "கடையில உக்காந்து துணி கிழிக்கப் போறியா?"

"தாம்பரம் கிளைக்காரங்களோட கீழ உக்காருவேன். முதல் நாள்லயே எழுந்து இவளை எதிர்த்துப் பேசுவேன். ஏன் விட்டுட்டுப் போனீங்கன்னு கேக்க குண்டூருக்கு யார் போகணும்னு ஒரு சண்டை பாக்கி இருக்கு. நான்தான் போவேன்னு சொல்லப் போறேன்."

ரத்தினபாய் முதல் முறையாகச் சிரித்தாள். ஆறிப்போன டீயைக் கையில் எடுத்தாள். கீழே லைனிங் துணிக்கார அம்மா "பாய், பாய்" என்று கூப்பிட, ஷாகுல் படியிறங்கினார்.

அஜீசா மஞ்சள் டேப்பை மறுபடி ரத்தினபாயின் கழுத்திலேயே போட்டாள். இரண்டு முனையும் சமமாகத் தொங்கும்படி இழுத்துவிட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு ரத்தினம். அத்தனை பேர் பார்க்க நான் உன் பக்கத்தைத் தப்பாச் சொன்னா, இதைக் கழட்டாம நிப்பியா?"