ஆட்டுமுடி மீசை

மாமனாரின் மீசையை நான்தான் எடுத்தேன். முழுதாக எடுக்கும் எண்ணம் இல்லை. இடப்பக்க நுனியில் ஒரு சிட்டிகை முடி போதும் என்றுதான், அவர் மாத்திரை போட்டுத் தூங்கிய மதியமாகப் பார்த்து டிரிம்மரோடு குனிந்தேன். அதற்குச் சீப்பு மாட்ட மறந்துவிட்டேன். அவர் குறட்டை ஒன்றை முடித்துத் தலையைத் திருப்ப, இடப்பக்கத்தில் பாதி போயிற்று. சரி, வலப்பக்கத்தைச் சமன் செய்வோம் என்று கொஞ்சம் எடுத்தேன். பிறகு இடப்பக்கத்தை வலப்பக்கத்துக்குச் சமன் செய்தேன். இப்படி இரண்டு பக்கமும் நியாயமாக நடந்துகொண்டதில், கடைசியில் மூக்குக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை.

எல்லாம் ஒரு பொம்மைக்காக. எனக்கு நாற்பத்து நாலு வயது, தென்காசியில் ஜெராக்ஸ் கடை. குற்றாலத்தில் சீசன் முடிந்ததும், கடைகளில் கை உடைந்து மிஞ்சும் பிளாஸ்டிக் வீரர்களை அள்ளி வந்து, வழியில் பொறுக்கியதை ஒட்டி வேறு ஆளாக மாற்றுவது என் பொழுதுபோக்கு. கடையில் வாங்கிய எதையும் ஒட்டக் கூடாது என்பது சட்டம். நான் போட்டு, வீட்டில் யாரும் மீறாத ஒரே சட்டம் அதுதான்.

மாமனார் சிவனணைந்தபெருமாள் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்து நான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். வரப்போகும் எண்பதாவது பிறந்தநாளுக்கு அவரையே செய்துகொடுக்க நினைத்தேன். முகமூடி போட்ட ஒரு வீரனைச் சுரண்டி, தேக்குச் சருகில் காக்கி உடுப்பு, பாக்குப் பாளையில் பெல்ட், தென்னை ஈர்க்கில் லத்தி, புளியங்கொட்டையைப் பிளந்து பூட்ஸ். பாலிஷ் போட்ட மாதிரி அப்படியொரு மினுக்கம். மீசைதான் அமையவில்லை. தேங்காய் நார் செம்பட்டையாக இருந்தது. சோளக்குஞ்சம் காய்ந்து தொங்கியது. அவர் மீசைக்கு அவர் மீசைதான் சரி என்று அப்போது தோன்றியது.

விழித்தவுடன் அவர் கை வழக்கம்போல் வலப்பக்க மீசையை முறுக்கப் போனது. இரண்டு விரலும் வெறும் காற்றைப் பிடித்தன. என்னைப் பார்த்தார். அப்புறம் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். ஸ்டேஷனில் எத்தனையோ பேரைப் பேசவைத்த மனிதர் மூன்று நாள் பேசவில்லை.

"எங்கப்பாவ உரிச்ச கோழி மாரி ஆக்கிட்டியளே," என்றாள் என் மனைவி ஜெயசித்ரா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததற்காக அழுதாள்.

வெட்டிய முடியை அன்றைக்கே வேப்பம்பிசின் வைத்துப் பொம்மைக்கு ஒட்டினேன். கை நடுங்கவில்லை என்பதுதான் கேவலம். நான் செய்ததிலேயே நல்ல பொம்மை அது.

நாலாம் நாள் ஒரு போன். பேச்சிராஜ், மாமனாருக்குக் கீழே கான்ஸ்டபிளாக இருந்தவர். "சீசனுக்குக் குடும்பத்தோட குற்றாலம் வந்திருக்கோம். ஞாயித்துக்கெழம ஐயாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருதேன்."

"தாராளமா வாங்க அண்ணாச்சி," என்றேன். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பேச்சிராஜையா வரச்சொன்னீரு? எவன் வந்தாலும் சரி வே. அவன் ஆகாது."

ஏன் என்று ஜெயசித்ராதான் சொன்னாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் பேச்சிராஜ் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டார். மாமனார் அவரை ஸ்டேஷன் வாசலில் உட்காரவைத்து, எல்லார் முன்னாலும் நாவிதரைக் கூப்பிட்டு மீசையை எடுக்கவைத்தார். அந்த வாரம் பேச்சிராஜுக்குக் கல்யாணம். "கல்யாண போட்டோவுல அந்த மாமா வாயப் பொத்திக்கிட்டே இருப்பாவ," என்றாள்.

ஞாயிறு காலை சாரலில் நனைந்துகொண்டு சிற்றாற்றங்கரைக்குப் போனேன். உடைமரத்து முள்வேலியில் உரசிப்போகும் ஆடுகளின் முடி முள்ளில் சிக்கிக் கிடக்கும். வெள்ளையும் கறுப்புமாகப் பொறுக்கி, ஷாம்பு போட்டு அலசி, காயவைத்து, பாளையின் உள்தோலில் வரிசையாக நட்டு, மாமனாரின் உதட்டுக்கு மேலே பிசினால் ஒட்டினேன். கண்ணாடியைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"ஆட்டு வாடை அடிக்கி வே," என்றார். ஆனால் தாடை மேலே ஏறியிருந்தது.

பேச்சிராஜின் மீசை கன்னத்தைத் தாண்டி, மை பூசி, எண்ணெய் தடவி வந்திருந்தது. விறைத்து நின்று சல்யூட் அடித்தார். உட்கார்ந்து இடுப்பு, டாக்டர், பென்ஷன் என்று பேசினார். ஜெயசித்ரா டீ கொண்டுவந்தாள். மாமனார் ஆவி பறக்க அதை உதட்டுக்குக் கொண்டுபோனபோதுதான் எனக்கு உறைத்தது. வேப்பம்பிசின் ஈரத்தில் இளகும். பொம்மைகள் டீ குடிப்பதில்லை. நான் அதை யோசிக்கவில்லை.

மீசையின் இடதுமுனை கழன்று டீயில் நனைந்தது.

பேச்சிராஜ் சிரிக்கவில்லை. எழுந்துவந்து, நர்ஸ் பிளாஸ்திரி எடுப்பதைப்போல இரண்டு விரலால் மிச்சத்தையும் பதமாக உரித்து, முறுக்குத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "ஐயாவுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டார். போனை என்னிடம் நீட்டினார். "மாப்ள, ஒரு போட்டோ எடுங்க. நம்ம ஸ்டேஷன் குரூப்புல எல்லாவனும் ஐயாவக் கேட்டுக்கிட்டே இருக்கானுவ."

மாமனார் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

"கொஞ்சம் சிரிங்க மாமா," என்றது என் வாய்.

ஒன்று சரியாக வராவிட்டால் இருக்கட்டும் என்று இரண்டு எடுத்தேன்.

பேச்சிராஜ் போனபின் பொம்மையைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூட்ஸைத் தடவினார். பதினாலு வருஷமாகத் தீபாவளிக்குத் தீபாவளி நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் "ஜாதகம் பொருந்திச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைக் கேட்கும் நேரமா அது? கேட்டேன்.

"பொண்ணு பாக்க மூணு பேரு வந்தோமே மாமா. அதுல என்ன எதுக்கு எடுத்தீய?"

"மத்த ரெண்டு பேரும் என் கண்ணப் பாத்துப் பேசுனானுவ," என்றார். "உம்ம கையில காப்பி தம்ளரு ஆடிச்சு. இவன் கை ஓங்கமாட்டான்னு தெரிஞ்சுபோச்சு." பொம்மையின் பெல்ட்டை நேராக்கினார். "அவ அம்மைய நான் அடிச்ச அடி எனக்குத் தெரியும்லா. எம்மவளுக்கு ஆம்பள வேண்டாம்னுதான் வே உம்மள எடுத்தேன்."

அவருடைய பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பொம்மையின் வலப்பக்க மீசையைப் பிடித்து, மேல்நோக்கி, மெதுவாக முறுக்கிக்கொண்டிருந்தன.