கூண்டில் தொங்கிய சட்டை

அந்தத் தக்காளிக்காரியை எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அவள் கண்ணாடிக் குடிலில் தக்காளி வளர்க்கிறாள். நான் பூச்சி அறையில் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிகளை வளர்க்கிறேன். என் வீட்டுக்காரர் அங்கேயே ஸ்டோர் கீப்பர். கொஞ்ச நாளாக இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருகிறார். கேட்டால் ஒரே பதில்.

"தக்காளிச் செடிக்குக் கயிறு கட்ட ஆள் இல்ல. நான்தான் கட்டிக் குடுத்தேன். பாவம் அந்தப் பொண்ணு, ஒத்தையா அல்லாடுது."

பாவமாம்! எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் நான் ஒற்றையாக அல்லாடும்போது இந்த இரக்கம் எங்கே போயிற்று?

என்னை ஏமாற்றலாம், என் பூச்சிகளை ஏமாற்ற முடியாது. தக்காளி இலையைத் தொட்டாலே அதன் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த வாசம் எங்கே இருக்கிறதோ அங்கே தாய்ப்பூச்சி முட்டை வைக்கும். இலையா துணியா என்று பார்க்காது. கயிறு கட்டினால் சட்டையின் முன்பக்கமும் கையும்தான் செடியில் படும். முதுகில் முட்டை இருந்தால் அது அவள் கை பட்ட இடம். அப்புறம் இருக்கிறது கச்சேரி!

அன்றும் கயிறு கட்டியதாகச் சொல்லி அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்காமல் கொண்டுபோய்ப் பூச்சிக் கூண்டுக்குள் தொங்கவிட்டேன். பக்கத்திலேயே தக்காளி இலையைத் தேய்த்த பழைய துணி ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. ஆத்திரம் வேறு, வேலை வேறு.

மறுநாள் காலையில் பழைய துணி முழுக்க உப்பைத் தூவியது போல முட்டைகள். சட்டையில் ஒன்றுகூட இல்லை. முதுகைப் பார்த்தேன். காலரைத் திருப்பிப் பார்த்தேன். ம்ஹூம்.

அப்பாடா என்றிருந்தது. அதற்கப்புறம்தான் உறைத்தது. முன்பக்கத்திலும் இல்லையே! மனிதர் தக்காளிச் செடிப் பக்கமே போகவில்லை.

நேரே கண்ணாடிக் குடிலுக்குப் போனேன். அவள் தனியாகக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் பச்சைப் பிசுக்கு.

"எங்க வீட்டுக்காரர் சாயங்காலத்துல இங்க வர்றாரா?"

"அண்ணனா? அவர் எங்கக்கா இங்கல்லாம் வர்றாரு? ஒருநாள் ஒரு கை குடுங்கண்ணான்னு கேட்டேன். 'அவ வீட்ல காத்துக்கிட்டிருப்பா'ன்னுட்டாரு. தினமும் மணியடிச்சதும் பறந்துடறாரே!" அவள் சிரித்தாள். "எனக்கும் வாய்ச்சிருக்கே ஒண்ணு! உங்களப் பாத்தா பொறாமையா இருக்குக்கா."