பென்சிலால் எழுதாத தேதி

அலுவலகத்தில் அவருக்கு அடிக்கோல் என்று பெயர். கடைகளின் கழிவை ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு நகரத்தின் அனுமதிச் சீட்டு வழங்கும் பிரிவில் அவர் இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுத்தர். காலையில் வந்ததும் மேசையைத் துடைப்பார். பேனாவை இருமுறை உதறுவார். பிறகு ஓரடி நீள மர அடிக்கோலை எடுத்து, பதிவேட்டில் முந்தைய நாளின் கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு இழுப்பார். கோடு முடியும்வரை சன்னலில் நிற்பவர் இருமினாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

ஆயினும் அந்தப் பெயருக்கு வயது ஐந்து வாரமே. வைத்தவன் அவருடைய தங்கையின் கணவன், சின்ன லாரி ஒன்று வைத்து மீன்கடைக் கழிவு ஏற்றுகிறவன், வாய்த்துடுக்கு மிகுந்தவன். தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம் அவன் சொன்னான்: “மச்சான் சிரிச்சாக்கூட அளந்துதான் சிரிப்பாரு. அரை அடிக்கு மேல போச்சுன்னா ரப்பரால அழிச்சிடுவாரு.”

எழுத்தரின் மனைவிக்குச் சிரிப்பில் புரையேறியது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவரும் சிரித்தார், அளவாக. மறுநாளே அவன் அலுவலகச் சன்னலில் தலையை நீட்டி, “அடிக்கோல் மச்சான் இருக்காரா?” என்று கேட்டுவைத்தான். கடைநிலை ஊழியர் முதல் கண்காணிப்பாளர் அம்மையார்வரை அந்தப் பெயர் பற்றிக்கொண்டது. இருபத்திரண்டு ஆண்டு கட்டிக்காத்த மதிப்பை மீன்நாற்றம் அடிக்கும் ஒருவன் ஒரே வாக்கியத்தில் வழித்தெறிந்துவிட்டான் என்று அவர் எண்ணினார். 

அப்போது தங்கை மாப்பிள்ளையின் மூன்றாவது தற்காலிகச் சீட்டு கையொப்பமாகி அவர் மேசைக்கு வந்திருந்தது. தற்காலிகச் சீட்டின் ஆயுள் முப்பது நாள். இடையில் அறுபடாமல் மூன்று சீட்டுகளை முடித்து, கடைசிச் சீட்டு முடியும் நாளில் வந்து நிற்பவனுக்கு ஆண்டு உரிமம் கிடைக்கும். அதற்காகத்தான் தங்கையும் அவள் கணவனும் இரண்டு மாதமாக ஒரு நாள்கூட ஓயாமல் கழிவு அள்ளினார்கள்.

சீட்டில் கையொப்பமான நாள் ஆணைத் தேதியாக இருக்கும்; முப்பது நாளும் அதிலிருந்தே எண்ணப்படும். முடிவுத் தேதி இராது. ஆகையால் எழுத்தர் அதைக் கணக்கிட்டுச் சீட்டின் மூலையில் பென்சிலால் குறித்துக் கொடுப்பது வழக்கம். வண்டிக்காரர்கள் அதைப் பார்த்தே தங்கள் வண்டியின் இடக்கதவில் பெயின்டால் தேதியை எழுதிக்கொள்வார்கள். விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு வழக்கம் இல்லை. அது அவர் காட்டும் தயவு.

மாப்பிள்ளையின் மூன்றாவது சீட்டை அவர் மேசை இழுப்பறையில் நான்கு நாள் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் கொடுத்தபோது மூலையில் ஒன்றும் எழுதவில்லை. பதிவேட்டில் அவனிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, ‘கொடுத்த நாள்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டார்.

“தேதி குறிக்கலையா மச்சான்?” என்று அவன் கேட்டான்.

“முப்பது நாள்னு அச்சடிச்சிருக்கு. எண்ணத் தெரியாதா?”

அவன் சிரித்துக்கொண்டே, சீட்டு கைக்கு வந்த அந்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினான். அடுத்த வாரம் அவனுடைய லாரி சன்னலுக்கு வெளியே நின்றபோது எழுத்தர் இடக்கதவைப் பார்த்தார். புதிய பெயின்டில் பளபளத்த தேதி நான்கு நாள் பிந்தியிருந்தது. அவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

சீட்டு காலாவதியான வண்டிகளின் பட்டியலை அவர் உரிய நாளில் கழிவுக் கிடங்குக்கு அனுப்பினார். அன்று காலை மாப்பிள்ளை வழக்கம்போல் சுமையேற்றிக்கொண்டு போனான். கதவிலிருந்த தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆனால் காவலாளி பட்டியலைக் காட்டி வாயிலை மூடிவிட்டான்.

அதன்பின் அவனை விதிகள் சூழ்ந்துகொண்டன. சீட்டு இல்லாத வண்டி கிடங்கில் கொட்டக்கூடாது. புதிய சீட்டு வேண்டுமானால் வண்டியைக் காலிசெய்து கழுவிக் கொண்டுவந்து காட்டவேண்டும். சுமையை வேறு வண்டிக்கு மாற்றினால் அந்த வண்டியின் சீட்டும் போய்விடும். ஆகவே கூட்டாளிகள் யாரும் கிட்டே வரவில்லை. மூன்றாம் நாள் மாலைக்குள் ஒழுங்கு செய்யாவிட்டால் வண்டி பறிமுதல். ஓராண்டுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

லாரி அலுவலகத்துக்கு எதிரே நின்றது. முதல் நாள் மாப்பிள்ளை வந்து, “மச்சான், என்ன இது விளையாட்டு?” என்று கேட்டான். எழுத்தர் விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டாம் நாள் வெயிலில் சுமை ஊறி, பின்பலகை வழியே கருநீர் தெருவில் வடிந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் அவனை வாயில் வந்தபடி ஏசினார்கள். அன்று அவன் சன்னலில் கைகட்டி நின்று, “சார், கொஞ்சம் பாருங்க சார்” என்றான். மச்சான் என்ற சொல் சார் என்று மாறியதை எழுத்தர் நாவில் வைத்துச் சுவைத்தார். சாப்பிடும் நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சன்னலைச் சாத்தினார்.

மூன்றாம் நாள் தங்கை வந்தாள். அவள் சேலையிலும் அந்த நாற்றம் இருந்தது. மூன்று சீட்டுகளையும் மேசைமீது வரிசையாக வைத்தாள்.

“அண்ணா, முதல் ரெண்டுலயும் மூலையில பென்சில் இருக்கு. இதுல இல்ல.”

“அது விதியில இல்லம்மா.”

“அவருக்கு வாய் ஜாஸ்திதான். அதுக்கு வண்டியவா கேப்பீங்க?”

அவர் அடிக்கோலை நேராக வைத்தார். அவள் குரலை உயர்த்தவில்லை. கண்காணிப்பாளர் அம்மையாரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பதாகச் சொன்னாள். சீட்டைத் தாமதமாகக் கொடுத்தது அலுவலகம் என்றால், கொடுத்த நாளிலிருந்தே முப்பது நாளை எண்ணலாமாம். இன்றே கிடங்கில் கொட்டவிட்டு, நாளை உரிமமும் தரலாமாம்.

“நீங்க பொய் சொல்ல வேண்டாம். என்னைக்குக் கொடுத்தீங்களோ அதைச் சொல்லுங்க, போதும்” என்றாள். பிறகு வெளியே போய், லாரியின் நிழலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கணவனுக்கு அருகே உட்கார்ந்தாள்.

எழுத்தர் பதிவேட்டைத் திறந்தார். மாப்பிள்ளையின் கோணல் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. சிறுமியாயிருந்தபோது தங்கை தன் நோட்டுப் புத்தகங்களுக்கு ஓரக்கோடு போடச் சொல்லி அவரிடம்தான் கொண்டுவருவாள். அது நினைவுக்கு வந்தது. பேனா சிறிது நேரம் அந்தரத்தில் நின்றது.

கதவருகே கடைநிலை ஊழியர் எட்டிப்பார்த்தார்.

“அடிக்கோல் சார், பதிவேட்டோட மேடம் வரச் சொன்னாங்க.”

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எழுத்தர் பேனாவை இருமுறை உதறினார். சீட்டு கையொப்பமான அன்றைக்கே கொடுத்துவிட்டதாக எழுதுவது என்று தீர்மானித்தார்.